டான் ஹில்: மேகத்துக்குள் ஒரு பப்

அக்டோபர் 17, வெள்ளி: லெஸ்டரிலிருந்து ரீத்

இங்கிலாந்தில் குடியிருக்கும் நம்மவர்கள் ஊர் சுற்றக் கிளம்பினால் ஏரி, கடற்கரை, கோட்டை என்றுதான் பெரும்பாலும் திட்டம் போடுவோம். இந்த முறை ஒரு பப்பைப் பார்ப்பதற்காகவே வடக்கே போகிறோம். யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியின் வடக்கு ஓரத்தில், 1,732 அடி உயரத்தில், சுற்றுவட்டாரத்தில் வேறு வீடே இல்லாத மேட்டில் தனியாக நிற்கிறது டான் ஹில் இன். பிரிட்டனிலேயே உயரமான இடத்தில் இருக்கும் பப் அதுதான். எனக்கு மதுப் பழக்கம் கிடையாது. ஆனாலும் கிராமத்துப் பப்கள்மேல் எனக்குப் பல வருடங்களாகப் பெரிய பிரியம் உண்டு. குடிக்காதவன் ஒரு எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முகம் சுளிக்காத இடம் அது.

எங்கள் கூட்டத்தில் ஊர்ப்பெயர்தான் ஆள்பெயர். வண்டி ஓட்டுவது பருத்தித்துறை. வழி சொல்வது கமுதி. அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செம்மறி வளர்த்த குடும்பம். கல்லூரியில் எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர் திருச்சி அக்கா. சுத்த சைவம். அதனால் சாப்பாட்டு விஷயத்தில் எப்போதும் முன்யோசனையோடுதான் கிளம்புவார். இன்றைக்கும் அந்த முன்யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எம்1 சாலையில் ஏறினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. மழை வேறு. ஷெஃபீல்டு தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. வழியில் ஓய்விடத்தில் ஒரு காபி 4 பவுண்டு 40 பென்ஸ். ருசி அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வண்டிக்குள்ளேயே அக்கா கட்டிக்கொண்டு வந்த புளியோதரையையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்தோம். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, பெருங்காய வாசனையோடு அரை மணி நேரம் போனது.

ரிச்மண்டைத் தாண்டியதும் சாலை குறுகி ஸ்வேல் ஆற்றை ஒட்டி வளைகிறது. ரீத் கிராமத்துக்குள் நுழைந்தபோது மணி 8:40. நடுவில் சரிவான பெரிய புல்வெளி. அதைச் சுற்றி கல் வீடுகள், ஒன்றிரண்டு பப்கள். வெளிச்சம் தெரிந்த ஒன்றுக்குள் போனோம். சமையலறை 8:30-க்கே மூடிவிட்டதாம். கிராமத்துப் பப்களில் இது சகஜம். மதியம் 2:30-க்கு அடுப்பை அணைத்தால் மறுபடி மாலை 6 மணி வாக்கில்தான் ஏற்றுவார்கள். அந்த நேரக்கணக்குக்கு வெளியே பசித்தால் சிப்ஸ் பாக்கெட்தான்.

ஆனால் கவுன்ட்டரில் இருந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுப்பு வேண்டாத எதையாவது தரட்டுமா?" என்று கேட்டார். தடிமனாக வெட்டிய ரொட்டி, உள்ளூர்ச் சீஸ், ஊறுகாய் வெங்காயம், ஒரு ஆப்பிள் எல்லாம் மரப்பலகையில் வந்தன. நான்கு பேருக்கும் சேர்த்து 20 பவுண்டுதான் வாங்கினார்.

பப்பில் யாரும் மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். நாமே கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி, காசு கொடுத்து, கையோடு வாங்கி வர வேண்டும். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது; எல்லோரும் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் யாருக்கு அப்புறம் யார் என்பது நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கவுன்ட்டர்காரர் பக்கத்தில் நின்ற ஒருவரைப் பார்த்து "என்ன வேண்டும்?" என்றதும், அவர் என்னைக் காட்டி, "இவர் எனக்கு முன்னால் வந்தவர்" என்றார். பார்த்துப் பழகாத ஆள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இவர்களை எனக்குப் பிடிக்கும்.

அக்டோபர் 18, சனி: ஆர்க்கன்கார்த்டேல் வழியாக டான் ஹில்

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே மலையே இல்லை. மூடுபனி புல்வெளிவரைக்கும் இறங்கியிருந்தது. வெப்பநிலை 7 டிகிரி.

ரீத்திலிருந்து டான் ஹில்லுக்கு ஆர்க்கன்கார்த்டேல் பள்ளத்தாக்கு வழியாகப் போனால் 11 மைல் இருக்கும். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஈயச் சுரங்கங்கள். இப்போது சரிவுகளில் மண்மேடுகளும் கல்குவியல்களும்தான் மிச்சம். லாங்த்வெய்ட் கிராமம்வரை சாலையின் இருபுறமும் சாந்து பூசாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள். அதற்கு மேலே போகப் போகச் சுவர்கள் நின்றுபோய், வேலியில்லாத மேய்ச்சல் மேடு தொடங்குகிறது. ஆடுகள் தார்ச்சாலையிலேயே படுத்துக் கிடக்கின்றன. ஹாரன் அடித்தாலும் எழுவதில்லை. ஒருவர் இறங்கிப் போய்க் கையைத் தட்டினால்தான் எழுகின்றன. கமுதி அந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்தான்.

மேட்டில் பாதி ஏறியிருப்போம், எதிரே ஒரு டிராக்டர் வந்தது. பருத்தித்துறை ஓரம் கட்டினார். பார்வைக்கு அது புல்தரை. அடியில் தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடந்த கறுத்த பீட் மண், செடிகொடி மக்கிச் சேர்ந்தது. இடதுபக்கச் சக்கரங்கள் இரண்டும் மெதுவாக இறங்கின. வண்டி சாய்ந்து நின்றது.

"மச்சான், இறங்கிப் பாருங்கோ, சில்லு புதைஞ்சிட்டுது போல."

இறங்கிய என் கால் கணுக்கால்வரை உள்ளே போனது. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

டிராக்டர்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். எழுபது வயதிருக்கும். டிராக்டருக்குள் கறுப்பு வெள்ளை நாய் ஒன்று, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எங்களிடம் எதையும் விசாரிக்கவில்லை. நேரே பின்பக்கம் போய் டிக்கியைத் திறக்கச் சொன்னார். தரைப்பலகையைத் தூக்கி, அடியில் இருந்த இழுவைக் கொக்கியை எடுத்தார். பம்பரின் ஓரத்தில் சின்னச் சதுர மூடி ஒன்று உண்டு. அதைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பி, கொக்கியை மரையில் திருகி, சங்கிலியை மாட்டினார். அந்த வண்டியை நான்கு வருடமாக ஓட்டும் பருத்தித்துறை அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடி, ஆக்சிலேட்டரைத் தொடாதே என்று இரண்டே உத்தரவுகள். டிராக்டர் ஒரு முறை உறுமியது. வண்டி சாலையில் நின்றது.

20 பவுண்டு நோட்டை நீட்டினேன். என் கையையே மடக்கித் திருப்பிவிட்டார். "டான் ஹில்லுக்குத்தானே? அங்கே தீ மூட்டியிருப்பார்கள், போய்க் காலைக் காயவையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

மேலே மூடுபனி இன்னும் அடர்த்தி. வண்டி நிறுத்துமிடத்துக்குள் திரும்பிய பிறகுதான் கட்டடமே தெரிந்தது: நீளமான, தாழ்வான கல் வீடு. வாசலில் ஆட்டுக் கிடாக்களை ஏற்றிய டிரெய்லர் ஒன்று நின்றது. காற்று கார்க் கதவைப் பிடுங்கியது. அக்காவின் துப்பட்டா தலையோடு சுற்றிக்கொள்ள, நாலெட்டில் உள்ளே ஓடினோம்.

உள்ளே கல் பாவிய தரை, தலையில் இடிக்கும் உயரத்தில் கறுத்த உத்தரங்கள், எரியும் அடுப்பு, நனைந்த நாய்கள், நெருப்புக்கு முன்னால் கழற்றி வைத்த பூட்ஸ்கள். ஈரக் கம்பளியும் வெங்காயமும் புகையும் கலந்த வாசனை. என் காலுறைகளை யாரோ ஒரு அம்மா கேட்காமலே வாங்கி நாற்காலி முதுகில் காயப்போட்டார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; பென்னைன் வே நடைபாதையில் தனியாக நடக்கிறார். ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்தின் கர்க் யெட்டம்வரை 268 மைல் போகும் பாதை அது, 1965-இல் திறந்தது. இந்தப் பப்பின் வாசலை ஒட்டியே போகிறது. அக்கா நடுங்குவதைப் பார்த்ததும் நெருப்புக்குப் பக்கத்து நாற்காலியைக் காலிசெய்து கொடுத்துவிட்டு, தான் ஜன்னல் பக்கம் மாறிக்கொண்டார்.

கவுன்ட்டரில் கமுதிக்குப் பீர் ஊற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாட்டிலும் இல்லை, குழாய்த் திருகும் இல்லை. பலகையின் மேல் முழ நீள மரக் கைப்பிடி. கீழே நிலவறையில் பீப்பாய் இருக்கிறது. பரிமாறுகிற பெண் கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து, கைப்பிடியைத் தன் பக்கம் நிதானமாக, முழு நீளத்துக்கும் இழுத்தார். இரண்டரை இழுப்பில் குவளை நிறைந்தது. முதலில் முழுக்கக் கலங்கல். பிறகு அடியிலிருந்து தெளிந்து செம்பழுப்பாகி, மேலே விரல் கனத்துக்கு நுரை நின்றது. ஒரு பைன்ட் 568 மில்லி, விலை 5 பவுண்டு 20 பென்ஸ். ஏல் என்கிற இந்தப் பாரம்பரியப் பீரில் ஈஸ்ட் பீப்பாய்க்குள் உயிரோடுதான் இருக்கும். அதனால் பனிக்கட்டிக் குளிர் ஆகாது; நிலவறையின் 12 டிகிரி வாக்கில்தான் வைப்பார்கள். பீப்பாயைத் திறந்துவிட்டால் சில நாளுக்குள் காலிசெய்தாக வேண்டும். ஆள் வராத பப்பில் நல்ல ஏல் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம். பருத்தித்துறைக்கும் எனக்கும் எலுமிச்சை சோடா, ஒன்று 1 பவுண்டு 80.

சாப்பாட்டுக்கு யார்க்‌ஷயர் புடிங். முட்டை, மாவு, பால் கலந்த கரைசலைக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி ஓவனில் உப்பவைப்பது. இங்கே வந்தது பெரிய பூரியைக் கிண்ணமாகக் குழித்து வைத்த அளவில், தட்டை முழுக்க அடைத்துக்கொண்டு. உள்ளே மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி, இறைச்சி, விளிம்புவரை கிரேவி. 17 பவுண்டு. கமுதியும் பருத்தித்துறையும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அக்கா தனக்கு மாவுக்குள் காய்கறி வைத்துச் சுடும் 'பை' சொல்லிவிட்டு, "கிரேவியில் இறைச்சிச் சாறு இருக்கா?" என்று கேட்டார். பரிமாறிய பையன் "தெரியவில்லை" என்று சொல்லிச் சமையலறைக்குள் போனான். திரும்பி வரும்போது சமையல்காரரையே கூட்டி வந்தான். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்று, எது எதில் மாட்டுக் கொழுப்பு சேர்கிறது, சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரிகிறது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். சனிக்கிழமை மதியக் கூட்டத்துக்கு நடுவே அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினார். நகரத்து உணவகங்களில் "சைவம்தான், சாப்பிடுங்க" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனவர்களை நினைத்துப் பார்த்தேன்.

இந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டடம் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுற்றிலும் நிலக்கரிக் குழிகள் இருந்தன. அந்தத் தொழிலாளர்கள்தான் வாடிக்கையாளர்கள். பக்கத்திலேயே அவர்களுடைய வீடுகளும் இருந்தன. கடைசிச் சுரங்கம் 1929-இல் மூடிய பிறகு வீடுகள் போய்விட்டன, பப் மட்டும் நின்றது. மேட்டில் ஆடு மேய்க்கும் விவசாயிகள்தான் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். 1974-இல் மாவட்ட எல்லைகளைத் திருத்தி எழுதியபோது இதைத் தூக்கி டர்ஹாமில் சேர்த்துவிட்டார்கள். யார்க்‌ஷயர்காரர்களுக்குப் பொறுக்குமா? பிற்பாடு திரும்ப வாங்கிவிட்டார்கள். 2007-இல் இங்கே கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு 'ஃபேமிலி ஃபீஸ்ட்' என்று பெயர் வைத்ததற்குக் கேஎஃப்சி நிறுவனம் வழக்கு போடுவதாகக் கடிதம் அனுப்பி, செய்தி பரவியதும் பின்வாங்கியது. 1980-களில் எவரெஸ்ட் கம்பெனியின் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் விளம்பரத்தை இங்கேதான் எடுத்தார்கள்: வெளியே புயற்காற்று, ஜன்னலுக்கு உள்ளே ஒரு இறகு நேர்க்கோட்டில் கீழே விழும். இன்றைக்கு அடித்த காற்றைக் கேட்ட பிறகு, அந்த விளம்பரத்துக்கு வேறு இடம் தேடியிருக்கவே முடியாது என்று தோன்றியது.

எல்லோரும் விசாரிப்பது 2021 நவம்பரை. அர்வென் புயல் வந்த வெள்ளிக்கிழமை இரவு இங்கே இசை நிகழ்ச்சி. மறுநாள் வாசற்கதவை மூடிக்கொண்டு பனி. வந்தவர்களும் இசைக்குழுவுமாக 61 பேர் மூன்று இரவுகள் உள்ளேயே இருந்தார்கள். தரையில் மெத்தை போட்டுத் தூங்கி, வினாடி வினா நடத்தி, பாட்டுப் பாடி, திங்கட்கிழமைதான் கிளம்ப முடிந்தது. பனி அகற்றும் வண்டியும் ஜெனரேட்டரும் இல்லாமல் இங்கே குளிர்காலத்தை ஓட்ட முடியாது. இத்தனை பேரை மூன்று நாள் வயிறு வாடாமல் வைத்துக்கொண்டதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் கமுதியைக் காணோம். வெளியே டிரெய்லர் பக்கத்தில் நின்று பலகை இடுக்கு வழியாகக் கிடாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்வேல்டேல் இனம்: கறுத்த முகம், மூக்கு நுனி வெளுப்பு, இரண்டு சுற்றுச் சுருண்ட கொம்பு. கம்பளி மட்டும் தேயிலைச் சாயத்தில் தோய்த்த நிறம். கிடாக்காரர் குவளையோடு வெளியே வந்தார். "இது இயற்கையான நிறமா?" என்று கமுதி கேட்டான். சந்தைக்குக் கொண்டுபோகும் முன் பீட் கரைத்த தண்ணீரில் குளிப்பாட்டுவார்களாம். கறுத்த முகத்துக்கும் வெளுத்த மூக்குக்கும் எடுப்பாக இருக்குமாம். அக்டோபர் மாதம் ஹாஸிலும் கர்க்பி ஸ்டீஃபனிலும் கிடாச் சந்தை. நல்ல சாதிக் கிடா பல்லாயிரம் பவுண்டுக்குப் போகும்.

"பல் பார்க்கலாமா?" என்றான் கமுதி.

அந்த மனிதர் குவளையைக் கீழே வைத்தார். டிரெய்லருக்குள் ஏறி ஒரு கிடாவின் கொம்பைப் பிடித்துத் தலையை உயர்த்தினார். கமுதி கீழுதட்டை விரலால் இறக்கிப் பார்த்தான். "நாலு பல்லுண்ணே. ரெண்டு வயசு" என்று தமிழில் பருத்தித்துறையிடம் சொல்லி, அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னான். கிடாக்காரர் அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "உன் ஆடு எத்தனை?" என்று கேட்டார். ஊரில் அப்பாவிடம் ஒரு காலத்தில் இருநூறு இருந்தது என்றான். அதற்குமேல் எங்கள் மூவருக்கும் அங்கே வேலை இல்லை. இருவரும் உள்ளே வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம்.

நான் கேட்டவற்றில் மனதில் நின்றவை சில. வேலியே இல்லாத இந்த மேட்டில் ஒவ்வொரு மந்தையும் தன் தன் எல்லைக்குள்ளேயே நிற்கும். தாயோடு மேயும்போதே குட்டி எல்லையைக் கற்றுக்கொள்கிறது. அது வளர்ந்து தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது. பண்ணை கைமாறினாலும் மந்தை மேட்டோடுதான் சேர்ந்தது. 2001-இல் கோமாரி நோய் பரவி மந்தை மந்தையாக அழித்தபோது போன பெரிய நஷ்டம் அதுதான்: புதிதாக ஆடு வாங்கலாம், எல்லை தெரிந்த ஆட்டை வாங்க முடியாது. கமுதி தன் பக்கத்துக் கிடை போடுவதைச் சொன்னான். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி மந்தையை அடைத்து வைத்தால், எருவுக்காக வயல்காரர் கூலி கொடுப்பார். எருவுக்குக் காசு என்றதும் கிடாக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். கம்பளி விற்கிற காசு மயிர் கத்தரிக்கிற கூலிக்கே காணவில்லை என்பது அவருடைய வருத்தம்.

பழைய இடையர்கள் ஆடு எண்ணும் கணக்கையும் சொல்லிக் காட்டினார்: யான், டான், டெதெர், மெதெர், பிப். கமுதி நம் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவதைச் சொன்னான். பக்கத்து மேசைக்காரர்கள் அதற்குள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

பேச்சுக்கு நடுவே காலையில் எங்களைத் தூக்கிவிட்டவர் நினைவு வந்தது. கவுன்ட்டரில் போய், டிராக்டர் நிறம், வயது, எந்த இடத்தில் பார்த்தோம் என்றெல்லாம் சொன்னேன்.

"நாய்க்கு ஒரு காது மடிந்திருந்ததா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

ஆமாம் என்றேன். யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அவருக்கு ஒரு பைன்ட் கட்டிவிட்டுப் போகிறீர்களா?" என்று அவரே கேட்டார். இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு; அப்போது இல்லாத ஆளுக்கும் காசு கட்டி வைக்கலாம், அவர் வரும்போது குடித்துக்கொள்வார். 10 பவுண்டு 40 கொடுத்து இரண்டாகக் கட்டினேன். கல்லாப்பெட்டி பக்கத்து நோட்டில் அவர் பெயரை எழுதி, அதற்கு நேரே "பீட்டில் மாட்டிய நான்கு பேர்" என்று எழுதிக்கொண்டார்.

ராத்திரி இங்கேயே அடுக்குக் கட்டில் அறையில் தங்கல். போர்வை போதும். காற்றுதான் விடியவிடியக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அக்கா தூங்கவே இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு: கெல்டு, மூக்கர், ஹட்ஸ்வெல்

விடிந்தபோது மேகம் மேலேறியிருந்தது. நேற்று எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாத் திசையிலும் பழுப்பு மேடு. ஒரு மரம் இல்லை. அந்த ஆசிரியை அம்மா வடக்கே ஸ்லெய்ட்ஹோம் மேட்டைக் கடக்க வேண்டும். சதுப்புக்குப் பேர்போன இடம். மழை பெய்திருப்பதால் பாதையை விட்டுச் சாலை வழியாகவே போகச் சொல்லி கவுன்ட்டர்காரர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். அந்த அம்மா காய்ந்த காலுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நாங்கள் தெற்கே இறங்கினோம். கெல்டு நான்கு மைல். அங்கிருந்து மூக்கர்வரை ஸ்வேல் பள்ளத்தாக்கு அகலமாகிறது. ஒவ்வொரு வயலிலும் தனித்தனியாக ஒரு கல் கொட்டில். ஏன் இத்தனை என்று அக்கா கேட்டார். கோடையில் அறுத்துக் காயவைத்த புல்லை அந்தந்த வயலின் கொட்டிலிலேயே மாடியில் அடைப்பார்கள். குளிர்காலத்தில் நாலைந்து மாடுகளைக் கீழே கட்டி அதையே போடுவார்கள். சாணத்தை அதே வயலில் இறைப்பார்கள். எதையும் எங்கும் சுமக்க வேண்டியதில்லை. இப்போது பெரும்பாலானவை காலி.

மதியத்துக்கு ரிச்மண்டுக்குப் பக்கத்தில் ஹட்ஸ்வெல். சின்ன ஊர். அங்கே இருக்கும் ஒரே பப் ஜார்ஜ் அண்டு டிராகன். 2008-இல் அது மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பங்கு விற்றுப் பணம் சேர்த்து, கட்டடத்தையே வாங்கி 2010-இல் திறந்தார்கள். பப்புக்குள்ளேயே ஒரு சின்ன நூலகம், தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சின்னக் கடை, ஊராருக்குக் காய்கறி போடத் தோட்டத் துண்டுகள். பாரம்பரிய ஏலுக்காகவும் பப்களுக்காகவும் 1971-இலிருந்து போராடும் காம்ரா அமைப்பு 2016-ஆம் ஆண்டுக்கான தேசியச் சிறந்த பப்பாக இதைத் தேர்ந்தெடுத்தது.

ஞாயிறு ரோஸ்ட் என்கிற சுட்ட இறைச்சிச் சாப்பாட்டுக்கு முன்பதிவு இல்லாமல் மேசை கிடைக்காது, எங்களுக்கும் கிடைக்கவில்லை. பின்புறத் திண்ணையில், ஸ்வேல் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் மேசையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து சூப்பும் சிப்ஸும் சாப்பிட்டோம். சூப் ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டிய குளிர். நூலக அலமாரியில் ஒரு பாட்டி புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு அரை பைன்ட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பேரக்குழந்தைகள் கடைப்பக்கம் மிட்டாய் பொறுக்கினார்கள். ஒரு நாய் எல்லோருடைய காலடியையும் முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் படுத்தது.

இந்த நாட்டில் 2000-ஆம் ஆண்டில் அறுபதாயிரம் பப்கள் இருந்தன. இப்போது நாற்பத்தைந்தாயிரம் வாக்கில் வந்து நிற்கிறது. மின்சாரக் கட்டணம், வரி, கடையில் மலிவாகக் கிடைக்கும் மது என்று காரணங்கள் பல. நகரத்தில் ஒன்று மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். ஒரே பப் உள்ள கிராமத்தில் அது மூடினால், மழைக்கு ஒதுங்க, செய்தி சொல்ல, தனியாக இருக்கும் கிழவர் நாலு வார்த்தை பேச ஊரில் வேறு கூரையே இல்லாமல் போகிறது. நேற்று கவுன்ட்டர்ப் பெண் நாயின் காதை வைத்து ஆளைச் சொன்னாரே, அந்த அறிவு வேறு எங்கே தங்கும்? இப்படிப்பட்ட இடங்கள் மூடும் ஒவ்வொரு செய்தியும் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

திரும்பும்போது பருத்தித்துறை தன் ஊர்ச் சனசமூக நிலையத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஊரார் காசு போட்டுக் கட்டியது. காலையில் பேப்பர் வாசிக்க வருகிற கூட்டம். வெளிநாட்டுக்குப் போனவர்கள் இன்றைக்கும் அனுப்பும் பணத்தில் கூரை மாற்றியது. "அங்கை பியர் மட்டும்தான் இல்லை, மச்சான்" என்றார். கமுதி பின்சீட்டில் கிடாக்காரரின் தொலைபேசி எண்ணைச் சேமித்துக்கொண்டிருந்தான். சந்தை நாளுக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். லீவு கேட்கப் போகிறான்.

போக நினைப்பவர்கள் ரிச்மண்டிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். டான் ஹில் மேட்டில் எதிரே வண்டி வந்தால் ஓரத்துப் புல்லை நம்பாதீர்கள், கல் கொட்டிய ஒதுங்கிடம் வரும்வரை பின்னால் போங்கள். நவம்பருக்கு மேல் என்றால் கிளம்பும் முன் பப்புக்கு ஒரு போன் போட்டு, சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வண்டி ஓட்டுபவர் சோடாவோடு நிறுத்திக்கொள்ளட்டும். மற்றவர்கள் பசியோடு போங்கள்.